உலக்கையை இறக்கி வைத்த பிறகு

முத்தா என்றொரு பிக்குணி. பாலி மொழியில் அவள் விடுதலையைச் சொல்லும் பாட்டு மிகச் சின்னது. கோணலான மூன்றிடமிருந்து தப்பித்தேன் என்கிறாள். எவை அந்த மூன்று? உரல், உலக்கை, கட்டிய கணவன். பிறப்பு இறப்பு என்ற பெரிய தளை அறுந்த செய்தி அதற்குப் பின்னால்தான் வருகிறது. பெண்கள் பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். எத்தனையோ அடியார்களின் வீடுபேற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வீடுபேற்றுக்கு முன்னால் உரலை வைத்த பாட்டை வேறெங்கும் படித்ததில்லை.

தேரிகாதை என்ற தொகுப்பில் இருக்கிறது இது. பௌத்தத் திருமுறையின் குத்தக நிகாயத்தில் ஒரு பகுதி, 73 பாடல்கள். பக்கத்திலேயே ஆண் துறவிகளின் தேரகாதை, 264 பாடல்களோடு. கிழவிகள், விதவைகள், முன்னாள் கணிகையர், அரண்மனைப் பெண்கள், அடிமை என்று எல்லாரும் தேரிகாதையில் பேசுகிறார்கள். இவற்றைப் பெண்களா பாடியிருக்கப் போகிறார்கள் என்று சந்தேகப்பட்ட அறிஞர்கள் உண்டு. 1909-இல் இதை ஆங்கிலத்தில் தந்த கரோலின் ரைஸ் டேவிட்ஸ் முன்னுரையிலேயே அந்தச் சந்தேகத்தோடு மல்லுக்கு நின்றார். ஆண் ஒருவன் எழுதியிருந்தால் உலக்கை ஞாபகத்துக்கு வந்திருக்குமா என்பதுதான் என் கேள்வி.

உலக்கை நேராகத்தானே இருக்கிறது, அதை ஏன் கோணல் என்றாள்? உரைகாரர் தம்மபாலர் பதில் வைத்திருக்கிறார். உரலில் நெல்லைப் போடும்போதும், புரட்டிவிடும்போதும், குத்தும்போதும் முதுகு வளைய வேண்டியிருக்கிறது. ஆளைக் கூனாக்குகிறவை என்பதால் அவற்றையும் கூன் என்றாள் என்கிறார். கணவனோ நிஜமாகவே கூனன் என்று முடித்துவிடுகிறார். இந்தக் கடைசி விளக்கம் எனக்கு ஒப்பவில்லை. உரலுக்குச் செய்த நியாயத்தைக் கணவனுக்கும் செய்திருக்கலாம். அவனும் ஆளை வளைத்தவன்தான் என்று எழுதியிருந்தால் என்ன குறைந்துவிடும்? தம்மபாலர் தமிழ் நாட்டில், இலங்கைக்கு அருகே பதரதித்தம் என்ற இடத்து விகாரையில் வாழ்ந்தவர் என்பது பௌத்த மரபு. நெல் குத்தும் பெண்ணின் முதுகை அவர் பார்த்திருக்கிறார், பாராட்ட வேண்டியதுதான். எங்கள் அம்மாவுக்கு வலது தோள் இடதைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கும். ஆட்டுக்கல் செய்த வேலை. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை, அம்மாவும் பேசியதில்லை.

இன்னொருத்திக்குப் பெயரே இல்லை. சுமங்கலன் என்ற பிக்குவின் தாய், அவ்வளவுதான். நாணல் பின்னிக் குடை செய்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். உலக்கை போயிற்று, வெட்கங்கெட்ட கணவன் போனான், அவன் குடை வேலை போயிற்று, தண்ணீர்ப்பாம்பு வாடை அடித்த சட்டியும் போயிற்று என்று வரிசையாகச் சொல்லிவிட்டு ஒரு மரத்தடிக்குப் போய் உட்கார்கிறாள். ஆகா, என்ன சுகம் என்று தியானிக்கிறாள். மகன் சுமங்கலனும் தேரகாதையில் பாடியிருக்கிறான். அவனுக்கும் கோணல் மூன்று: அரிவாள், கலப்பை, மண்வெட்டி. மகனின் கோணல் எல்லாம் வயலில் இருந்தது. தாயின் கோணல் சமையற்கட்டிலும் படுக்கையிலும் இருந்தது. இரண்டு பேருக்கும் இடுப்பு ஒடிந்திருக்கும். வயலில் இருந்தவன் பொழுது சாய்ந்தால் வீடு திரும்பலாம். அவள் எங்கே திரும்புவது?

பிக்குணி சோமாவின் பாட்டில், தியானத்தைக் கலைக்கும் மாரன் வந்து சீண்டுகிறான். முனிவர்களே எட்ட முடியாத நிலையை இரண்டு விரல் புத்தியுள்ள பெண் எட்டுவாளா என்று கேட்கிறான். அதென்ன இரண்டு விரல் புத்தி? சின்ன வயதிலிருந்து சோறு வடிக்கிறாள், ஆனாலும் பருக்கையை விரலில் எடுத்து நசுக்கிப் பார்த்தால்தான் வெந்ததா என்று தெரிகிறது அவளுக்கு. உரையில் இருக்கிற விளக்கம் இது. மனம் நிலைத்திருக்கும்போது பெண் என்பதால் என்ன வந்துவிட்டது என்று கேட்டு அவனை அனுப்பிவிடுகிறாள் சோமா. கம்பீரமான பதில்தான். அவள் இடத்தில் நான் இருந்தால் அந்த இரண்டு விரலை விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன். பிறர் சொன்னதை நம்பாமல் நீயே தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள் என்பதைத்தானே புத்தரும் சொன்னார்? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்க்கிறவளிடம் போய் அறிவைப் பற்றிப் பேசுகிறான் மாரன்.

இப்போது மைண்ட்ஃபுல்னஸ் என்ற பெயரில் கம்பெனிகளில் வகுப்பு எடுக்கிறார்கள். கால் கழுவும்போது கால் கழுவுவதில் இரு, சாப்பிடும்போது சாப்பிடுவதில் இரு என்பது பாடம். தேரிகாதையின் படாசாராவைப் படித்தவர்களுக்கு இதில் புதுமை இருக்காது. அவள் கால் கழுவுகிறாள். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுகிற நீரைப் பார்க்கிறாள். விளக்கை எடுத்துக்கொண்டு குடிலுக்குள் போகிறாள், படுக்கையைப் பார்க்கிறாள், உட்காருகிறாள், ஊசியால் திரியை இழுத்து விடுகிறாள். சுடர் அணைகிறது. மனம் விடுபடுகிறது. உபதேசம் ஏதும் இல்லை, காட்சி மட்டும். உலகத்துக் கவிதையிலேயே தியானத்தை இவ்வளவு சாதாரணமாகச் சொன்ன இடம் அபூர்வம். ஆனால் அந்த விளக்கை ஊதி அணைக்கிற வகுப்பில், கால் கழுவியவள் யார் என்பதை விட்டுவிடுகிறார்கள். கணவன், இரண்டு குழந்தைகள், பெற்றோர், உடன்பிறந்தவன் எல்லாரையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்துப் பித்துப் பிடித்துத் திரிந்தவள் என்கிறது உரை. அவள் பார்த்த நீர் வெறும் நீராக இருந்திருக்க முடியாது.

எனக்கு இரண்டு பக்கமும் தோழிகள் உண்டு. ஒருத்தி மாதர் சங்கம். கண்ணை மூடி உட்காரச் சொல்கிற எதையும் அவள் நம்ப மாட்டாள்; அடிக்கிறவனுக்குத்தான் வசதி என்பாள். இன்னொருத்தி பல வருடமாகத் தியானம் செய்கிறவள்; கோபம் இருக்கும்வரை மனம் தெளியாது என்பாள். கிசாகோதமியை இரண்டு பேரிடமும் நீட்டினேன். கடுகு வாங்கப் போன கதை எல்லாருக்கும் தெரியும்: சாவு நிகழாத வீட்டில் ஒரு பிடி கடுகு. அவள் பேரில் உள்ள பாட்டை அவ்வளவு பேர் படிப்பதில்லை. பெண்ணாய்ப் பிறப்பது துன்பம் என்று அதில் வருகிறது. சக்களத்தியோடு குடித்தனம், பிரசவ வேதனை, தாங்க முடியாமல் கழுத்தை அறுத்துக்கொண்டவர்கள், விஷம் குடித்த மென்மையானவர்கள். இது கோபமா, தெளிவா? அமைதி அடைந்தவளின் பாட்டில் இவ்வளவு தகவல் எதற்கு?

அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணியர் பெல் ஹூக்ஸ் (1952–2021) சொன்ன சம்பவம் ஒன்று நினைவுக்கு வருகிறது. தன்னை பௌத்தக் கிறித்தவர் என்று சொல்லிக்கொண்டவர் அவர். வியட்நாம் துறவி திக் நாட் ஹானை முதன்முதலாகச் சந்திக்கப் போன நாளில், வழியில் எதிர்கொண்ட இனவெறியாலும் ஆணாதிக்கத்தாலும் கொதித்துப் போயிருந்தார். துறவியின் முன்னால் நின்றதும் வாயில் வந்தது, எனக்கு ஒரே கோபமாக இருக்கிறது என்பதுதான். அவரோ கோபத்தை விடு என்று சொல்லவில்லை. அதை வைத்துக்கொள், உன் தோட்டத்துக்கு எருவாக்கு என்றாராம். மாதர் சங்கத் தோழிக்கு இது பிடித்தது. எரு மட்கும்வரை நாறுமே, அதுவரை யார் பக்கத்தில் இருப்பது என்று கேட்டாள் தியானத் தோழி. நியாயமான கேள்வி.

காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு இதையெல்லாம் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. மணிமேகலை கடைசியில் வந்து சேர்ந்த ஊர் இது. அதற்கு முன்னால் ஒரு தியான முகாமைச் சொல்லிவிடுகிறேன். ஊர், பெயர் வேண்டாம். நல்ல முகாம், நல்ல மனிதர்கள். பேசக்கூடாது, எழுதக்கூடாது, கண்ணோடு கண் பார்க்கக்கூடாது. மதியம் சாம்பார், பீட்ரூட் பொரியல், மோர். சமையலுக்குப் பக்கத்துக் காலனியிலிருந்து நாலைந்து பெண்கள் தினக்கூலிக்கு வருவார்கள். அவர்களுக்கு ஒரே உத்தரவு, பாத்திரச் சத்தம் மண்டபத்துக்குக் கேட்கக்கூடாது. முகாம் முடிந்த அன்று பேசலாம் என்று விட்டதும், பின்கட்டில் அண்டா கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் போனேன்.

"நீங்க ஒருநாளாவது உள்ள வந்து உட்கார்ந்ததுண்டாக்கா?"

"உட்காந்தா தூக்கம்தான் டீச்சர் வரும். காலைல மூணு மணிக்கு எழுந்தது."

சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அமைப்பாளரிடம், வந்திருக்கும் நாங்களே முறை வைத்துக் காய் நறுக்கினால் என்ன என்று கேட்டேன். கவனம் சிதறிவிடும் டீச்சர் என்றார். காய் நறுக்குவதில் சிதறுகிற கவனத்தைச் சேர்த்து வைத்து என்ன செய்யப் போகிறோம்?

முத்தாவிடம் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான். நீ உலக்கையை வைத்துவிட்டு வந்தாய், சரி. அந்த உலக்கை சும்மாவா கிடந்திருக்கும்? மறுநாள் காலை வேறொருத்தி எடுத்திருப்பாள். நீ ஏந்திய பிச்சைப் பாத்திரத்தில் விழுந்த சோற்றை அவள்தான் குத்தி, புடைத்து, வடித்திருப்பாள். பிக்குணிகளின் விடுதலை சமைக்கிறவள் ஒருத்தியின் மேல் நின்றது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் காலத்தில் வெளியே போக இருந்த கதவு அது ஒன்றுதான். அதற்கும் விலை கேட்டார்கள். கபிலவஸ்துவிலிருந்து வைசாலிவரை தலையை மழித்துக்கொண்டு, கால் வீங்கி, புழுதி படிய நடந்து வந்த, புத்தரின் வளர்ப்புத் தாய் மகாபஜாபதி கோதமியும் கூட வந்த பெண்களும் எட்டு நிபந்தனைகளுக்குச் சம்மதித்த பிறகுதான் உள்ளே வர முடிந்தது என்கிறது சங்க விதிநூலான வினயம். துறவு பூண்டு நூறு வருடம் ஆன பிக்குணியும் இன்றைக்குச் சேர்ந்த பிக்குவை எழுந்து வணங்க வேண்டும் என்பது அவற்றில் முதலாவது. சோமாவின் பதில் மாரனுக்குப் போதும். சங்கத்துக்கு அது போதவில்லை.

மணிமேகலை பாடிய சாத்தனார் இந்தச் சமையல்காரிக் கேள்வியை எப்படியோ உணர்ந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றும். அமுதசுரபி என்ற ஏற்பாடே அதற்குத்தான். எடுக்க எடுக்கக் குறையாத சோறு. குத்தவும் வேண்டாம், உலை வைக்கவும் வேண்டாம். துறவிப் பெண்ணின் கையில் அந்தப் பாத்திரத்தைக் கொடுத்ததும் அவளுக்குப் பின்னால் குனிந்து நிற்க வேண்டிய இன்னொரு முதுகு மறைந்துவிடுகிறது. அழகான கற்பனை. ஏமாற்றும் கற்பனையும்கூட. ஆனாலும் அவர் முழுக்க ஏமாற்றவில்லை. பாத்திரத்தில் முதல் பிச்சையை இட ஆதிரையின் கை வேண்டியிருக்கிறது, புகாரில் குடித்தனம் நடத்தும் ஒரு பெண்ணின் கை. மணிமேகலை பிறகு செய்தவற்றைப் பாருங்கள். யானைத்தீ நோயால் வாடிய காயசண்டிகையின் பசி தீர்க்கிறாள். சிறைக்குள் போய்ச் சோறிடுகிறாள், அரசனிடம் கேட்டுச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்ற வைக்கிறாள். பஞ்சம் பிடித்த காஞ்சிக்கு வந்து ஊருக்கே உணவளிக்கிறாள். அறவண அடிகளிடம் தருமம் கேட்டு நோன்பு பூணுவது அதற்கெல்லாம் அப்புறம். வகுப்பில் பிள்ளைகள் கடைசிக் காதைகளைக் கண்டாலே அலறுவார்கள். அளவை, பிரமாணம் என்று ஒரே தர்க்கம். நானும் வேகமாகத் தாண்டித்தான் போவேன். இப்போது அந்த வரிசை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

தேரிகாதைக்குத் திரும்புகிறேன். புண்ணிகா அடிமை. குளிர்காலத்தில் ஆற்றில் இறங்கித் தண்ணீர் மொண்டு சுமக்க வேண்டும். இல்லையென்றால் எசமானிகள் அடிப்பார்கள், ஏசுவார்கள். அதே குளிரில் ஒரு பிராமணர் பாவம் போக்க முங்கி நடுங்குகிறார். தண்ணீரில் முங்கினால் பாவம் போகுமென்றால் தவளையும் ஆமையும் பாம்பும் முதலையும் சொர்க்கத்துக்குப் போயிருக்குமே, பாவத்தோடு உங்கள் புண்ணியத்தையும் ஆறு அடித்துக்கொண்டு போகுமே என்று கேட்கிறாள். நம் ஊர்ப் பகுத்தறிவு மேடைகள் கைதட்டும் வாதம். ஆனால் நான் நின்றுபோகிற இடம் வேறு. இரண்டு பேரும் ஒரே ஆற்றில், ஒரே குளிரில் நிற்கிறார்கள். ஒருவருக்கு அது சடங்கு, இன்னொருத்திக்கு வேலை. எது எது என்று பார்க்கத் தெரிந்தவள் அவள் மட்டும்தான். அப்படிப்பட்டவளும் தானாகத் துறவு பூண்டுவிட முடியாது. அடிமைக்குத் துறவு தரச் சங்க விதி இடம் தராது. எசமானன் அனாதபிண்டிகன் விடுவித்த பிறகே அவள் பிக்குணி ஆனாள் என்கிறது உரை. ஞானம் முன்னால் வந்தது, அனுமதி பின்னால் வந்தது.

பிக்குணிச் சங்கத்தின் பின்கதையையும் தமிழ் வாசகர் அறிந்திருப்பது நல்லது. அசோகன் மகள் சங்கமித்தை இலங்கையில் நட்ட அந்தச் சங்கம் 11-ஆம் நூற்றாண்டில், சோழர் படையெடுப்பு அநுராதபுரத்தைச் சிதைத்த காலத்தோடு அங்கே அற்றுப்போயிற்று. ஆண்களின் மரபு பர்மாவிலிருந்து உயிர்ப்பிக்கப்பட்டது. பெண்களுடையதை மீட்க அப்போது யாரும் மெனக்கெடவில்லை. 1996-இல் சாரநாத்தில் கொரியச் சங்கத்தின் துணையோடு குசுமா முதலிய இலங்கைப் பெண்கள் மீண்டும் பிக்குணிகள் ஆனார்கள். 1998-இல் தம்புள்ளையில் இலங்கை மண்ணிலேயே அது தொடர்ந்தது. ஏறக்குறைய ஆயிரம் வருட இடைவெளி. ராஜேந்திர சோழன் பெருமையைப் பாடம் நடத்தும்போது இதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

நாணல் பின்னிய வீட்டிலிருந்து வெளியேறியவளைப் பற்றிச் சொன்னேன். வெளியேறாதவளின் கதை மராத்தியில் இருக்கிறது. 1945-இல் கொங்கணத்தில் பிறந்த ஊர்மிளா பவாரின் தன்வரலாறு, 'ஆய்தான்' (2003). 1956-இல் அம்பேத்கரைப் பின்பற்றி பௌத்தம் தழுவிய மகார் சமூகத்தில் வளர்ந்தவர். தந்தை சீக்கிரம் இறந்துவிட, தாய் மூங்கில் கூடைகள் முடைந்து குடும்பத்தைக் காக்கிறார். கூடையைக் கொடுக்க மேல்சாதி வீடுகளுக்குப் போகிற சிறுமியின் கையில் காசு மேலிருந்து விழுகிறது. கூடைமேல் தண்ணீர் தெளித்துத் தீட்டுக் கழித்து எடுத்துக்கொள்கிறார்கள். தாய் துக்கத்திலும் முடைகிறார், சண்டையிலும் முடைகிறார். இந்த இடத்தில் முடைவதும் தியானம்தானே என்று எழுதிவிடக் கை பரபரக்கும். கூடை முடையாதவர்களுக்கு அந்தப் பரபரப்பு அதிகம். ஊர்மிளா பவார் அப்படி எழுதவில்லை. தாயின் முடைதலும் தன் எழுத்தும் ஒரே பின்னல் என்கிறார், அது வலியின் பின்னல் என்கிறார். கணவன், குழந்தைகள், அலுவலகம், வீட்டு வேலை அத்தனையும் முடித்த பிறகே அவருக்குப் படிப்பு, அதற்குப் பிறகே எழுத்து. மீனாட்சி மூனோடு சேர்ந்து, அம்பேத்கர் இயக்கத்துப் பெண்களைத் தேடிப் போய்ப் பேசி, அவர்கள் வரலாற்றை 1989-இல் புத்தகமாக்கினார். பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தி சொல்வதைக் கடைசிவரை கேட்பது. இதற்கும் கண் திறந்திருக்க வேண்டும், மனம் அங்கேயே இருக்க வேண்டும். விழிப்பு என்ற சொல்லுக்கு நான் காட்டக்கூடிய உதாரணம் விளக்கணைத்த குடிலைவிட இதுதான்.

போன மாதம் எங்கள் வாசிப்புக் கூட்டத்தில் சந்தாவின் பாட்டை எடுத்தோம். சந்தா விதவை, பிள்ளையில்லை, உறவில்லை. தடியும் ஓடும் ஏந்தி, வெயிலிலும் குளிரிலும், ஏழு வருடம் வீடு வீடாகப் பிச்சை எடுத்தவள். ஒரு பிக்குணிக்குச் சோறும் தண்ணீரும் கிடைப்பதைப் பார்க்கிறாள். அவளிடம் போய் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறாள். சேர்த்துக்கொண்டது படாசாரா, கால் கழுவிய நீரைப் பார்த்திருந்த அதே படாசாரா. பிறகு உபதேசம், பிறகு விடுதலை.

"இவளுக்குத் தேவைப்பட்டது ரேஷன் கார்டு" என்றாள் மாதர் சங்கத் தோழி. "நிப்பானம் இல்லை."

"ரேஷன் கார்டு இருக்கிற எனக்கு ராத்திரி ஏன் தூக்கம் வரலை?" என்றாள் மற்றவள்.

சந்தா சோற்றுக்காக வந்ததை மறைக்கவில்லை என்பதைத்தான் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஞானம் பெற்ற பிறகும் அதைப் பாட்டில் வைத்தாள், தொகுத்தவர்களும் வெட்டவில்லை. படாசாராவும், நீ பசிக்கு வந்தாயா தருமத்துக்கு வந்தாயா என்று வாசலில் நிறுத்திக் கேட்டதாக இல்லை. இருவரும் என்னை விட்டுவிட்டுத் தங்களுக்குள் வாதாட ஆரம்பித்திருந்தார்கள்.